கோஷ்கர்பாய் உங்கள் பாட்டனே அல்ல, மாமா

ஜவாப்தாஸ் மலையடிவாரம்,
ஞாயிற்றுக்கிழமை.

கராகந்தா நகரில் ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்துவிட்டுத் தம் வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டிருக்கும் பல் மருத்துவரும், என் தாயோடு கூடப்பிறந்த ஒரே தம்பியுமான, மேன்மை மிகுந்த மெய்ராம் மாமா அவர்களின் பாதங்களுக்கு (அந்தக் கூர்முனைச் செருப்புகளுக்கு அல்ல, அவற்றைப் பற்றிப் பிறகு வருகிறேன்), தங்கள் அக்காவுக்கு மூத்த மகளும் இளைய மகளும் ஒரே மகளுமாகிய கம்ஷாத் தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

தங்கள் கால்நடைகளும் உயிர்களும் நலந்தானா? தங்களிடம் கால்நடை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்காமல் தொடங்கினால் நம் ஆட்கள் கடிதம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் துளைபோடும் இயந்திரம் நலமா, சாயும் நாற்காலி நலமா, கண்ணாடித் தம்ளரில் மிதக்கும் பல்செட்டுகள் நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளவும். இங்கே பசு நலம், சாம்பல் குதிரை நலம், அப்பா நலம். அம்மாவும் நலம்தான், யாராவது உங்கள் பெயரைச் சொன்னால் மாவை அடிக்கிற அடியில் மேசைதான் நலமில்லை.

இந்தக் காலத்தில் எவள் காகிதத்தில் எழுதுவாள் என்று யோசிக்காதீர்கள். என் எண்ணை பிளாக் செய்தீர்கள். அம்மா எண்ணை பிளாக் செய்தீர்கள். எதுவுமே பேசாத அப்பாவின் எண்ணையும் பிளாக் செய்தீர்கள், பாவம், அவருக்கு அது இன்னும் தெரியாது. காகிதத்தை பிளாக் செய்ய யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் அடுத்த வரியை மட்டும் படித்துவிடுங்கள்: அன்றைக்கு மலை பேசவில்லை மாமா, நான்தான் பேசினேன். ஷோல்பான் உங்களுக்குத் தங்கை முறை இல்லை. தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

இனிமேல் கிழிக்க மாட்டீர்கள். உட்காருங்கள். நோயாளியின் நாற்காலியிலேயே உட்காருங்கள், மயக்கம் வந்தால் சாய்த்துக்கொள்ளலாம்.

கையை ஓங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை நினைவுபடுத்தக் கடமைப்பட்டிருக்கிறேன். சகோதரி பிள்ளையை அடித்தவன் கை ஆயுளுக்கும் நடுங்கும் என்பது நம் ஆட்கள் வாக்கு. மற்ற தொழில்காரர்கள் துணிந்து பார்க்கலாம். பல் பிடுங்குகிறவர் பார்க்கக் கூடாது. இரண்டாவது, சகோதரி பிள்ளை தாய்மாமனிடம் மூன்று தடவை எது கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது. பிள்ளைகள் மாமனின் நல்ல குதிரையை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் இதுவரை ஒன்றுகூடக் கேட்டதில்லை. (சைக்கிள் கணக்கில் வராது. அது ஒரு சக்கரத்தோடுதான் வந்து சேர்ந்தது.) ஆக மூன்றும் அப்படியே என் பையில் இருக்கின்றன. முதலாவதை இப்போதே வெளியே எடுக்கிறேன்: இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜவாப்தாஸின் தட்டைப் பாறையில் நின்று ஏழு பாட்டன் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும், உள்ளே தூங்குகிற நீதிமான் உண்மைக்கு மட்டும் மூன்று முறை பதில் சொல்வார், பொய்க்கு வாய் திறக்க மாட்டார் என்று பெண்ணின் அப்பா சகிந்திக் தாத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாரா? அவரேதான் நாளும் குறித்தார், புதன்கிழமைதான் ராசி என்று. புதன்கிழமை நல்ல நாளாக இருக்கலாம் மாமா, ஆனால் அன்றைக்கு ஏரிப் பக்கத்துக் காற்று. ஏரிக் காற்று அடித்தால் மலை ஊமை. இது எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரியும். காற்றில்லாத நாளில் வந்து "என் வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது" என்று நான் கத்தியிருக்கிறேன். மூன்று முறை ஆமாம் போட்டது. ஆனால் பெரியவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? ஒட்டகம் திருடியவன் ஒருவன் அந்தப் பாறையில் நின்று பொய்ச் சத்தியம் செய்தான், அன்றோடு பேச்சு போயிற்று, அவன்தான் அந்த ஓரத்தில் வாய் பிளந்து நிற்கிற கல் என்று காட்டுவார்கள். அந்தக் கல்லின் வாய்க்குள் நான் சூயிங்கம் ஒட்டியிருக்கிறேன். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், பார்த்தீர்களா.

நீங்கள் எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்பே நான் மேலே ஏறிவிட்டேன். தட்டைப் பாறைக்குப் பின்னால் இரண்டு பெரிய கருங்கற்கள் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும், அவற்றுக்கு நடுவே ஒரு பிளவு. உள்ளே புறா எச்சம். வெயிலில் காய்ந்த கல் முதுகுக்கு ரொட்டி அடுப்பு போல இதமாக இருக்கும். அதற்குள் நின்று மெதுவாகப் பேசினாலும் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல வெளியே போகும். என் திட்டம் மிகச் சிறியது. நீங்கள் முதல் பெயரைச் சொன்னதும், "யார்றா அது, தூக்கத்தைக் கெடுக்குறது?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நீங்கள் குதிப்பீர்கள், நான் சிரிப்பேன், கறி தின்போம். சட்டைப் பைகள் இரண்டிலும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளை நிரப்பிக்கொண்டு போயிருந்தேன், காத்திருக்கிற நேரத்தில் மெல்லுவதற்கு.

பிளவின் இடுக்கு வழியே எல்லாம் தெரிந்தது. நீங்கள் அந்தக் கூர்முனைச் செருப்போடு வழவழப்பான கல்லில் ஏறியதை எந்தச் சினிமாவிலும் பார்க்க முடியாது. இரண்டு அடி மேலே, ஒரு அடி பின்னால். சகிந்திக் தாத்தா தடியை நீட்டி, "பிடிச்சுக்கோ மாப்பிள்ளை, பல்லு மாதிரிதான், வேர் இல்லாதது ஆடும்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினீர்கள். "வேர்னா என்ன? ஏழு பாட்டன். ஏழு பாட்டன் பேர் தெரியாதவனை நம்பி நான் ஒரு ஆட்டைக்கூட விடமாட்டேன்."

முதலில் ஷோல்பான் நின்றாள். அவள் எனக்கு அப்பா வழியில் அத்தை முறை என்பதும், உங்களைக் கட்டிக்கொண்டாலும் அத்தைதான் என்பதும், அதனால் புதிதாக ஒரு முறைப்பெயர் பழகும் சிரமம் எனக்கு இல்லை என்பதும் இந்தச் சம்பந்தத்தை நான் ஆதரிக்க முக்கியமான காரணம். அத்தை எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கே தெரியும். கால்நடை மருத்துவர். தோள் வரை கையை விட்டுக் கன்றை வெளியே இழுப்பவள். நீங்கள் மனிதப் பல்லுக்கு மூன்று ஊசி போடுவீர்கள். அவள் குதிரைப் பல்லைக் குதிரையோடு பேசிக்கொண்டே கழற்றுவாள். அவள் அப்பா பெயரைக் கத்தினாள். மலை கம்மென்று இருந்தது. தாத்தன் பெயரைக் கத்தினாள். காற்று மட்டும் போயிற்று. சகிந்திக் தாத்தா தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். அவர் முகம் கறுத்தது. "மறுபடி சொல்லு" என்றார். அத்தையின் கண் உங்கள் பக்கம் திரும்பியது. மாமா, அந்தப் பார்வையை நீங்கள் பார்க்கவில்லை, குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். ஏரியிலிருந்து வீசும் ஒரு காற்றுக்காக ஒரு கல்யாணம் நிற்பதா? தொண்டையைச் செருமினேன். அவள் சொன்ன பெயரை நான் மூன்று முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் குரலைக் கொஞ்சம் தேய்த்து. தாத்தா தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்படியே ஒவ்வொரு பெயராக வந்தது. ஏழாவதற்கு அத்தையின் உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது எனக்கே தெரியும். கோஷ்கர்பாய். எங்கள் குலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் மறக்கும்போதே ஊட்டிவிடுகிற பெயர். அத்தைக்கு ஏழாவது, எனக்கு எட்டாவது. "கோஷ்கர்பாய், கோஷ்கர்பாய், கோஷ்கர்பாய்" என்று அழகாக இறக்கிவைத்தேன்.

அப்புறம் நீங்கள். ஆறு பெயர்கள் வரை நீங்களும் நானும் ஜோடிப் பாட்டுக்காரர்கள் மாதிரிப் போனோம், ஒரு பிசிறு இல்லை. ஆறாவதோடு நின்றுவிட்டீர்கள். வானத்தைப் பார்த்தீர்கள். கீழே பார்த்தீர்கள். கணக்குத் தேர்வில் என் பக்கத்து இருக்கைக்காரி முகம் அப்படித்தான் போகும். அந்த முகத்தைப் பார்த்தால் எடுத்துக்கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது, இரண்டு தடவை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன் அதற்காக. ஆனால் உங்கள் ஏழாவது பாட்டன் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வேறு குலம். நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரே பெயர்தான். அது தானாக வழுக்கி வெளியே விழுந்தது. "கோஷ்கர்பாய்" என்றது மலை, நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அங்கேயாவது நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். தண்ணீரில் விழுந்தவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டீர்கள். "ஆமா, ஆமா, கோஷ்கர்பாய்" என்று கத்தினீர்கள்.

"என்ன பேரு சொன்னே?" என்றார் சகிந்திக் தாத்தா.

"கோஷ்கர்பாய், ஐயா."

"எந்தக் கோஷ்கர்பாய்?"

"எங்க ஏழாவது பாட்டன், ஐயா."

"எங்க பொண்ணுக்கும் ஏழாவது அவருதானே."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள் நீங்கள்.

மாமா, நான் பல விடுகதைகளையும் வேடிக்கைகளையும் தயாரித்திருக்கிறேன், அதைவிட நல்ல ஒரு பதிலை என்னால் யோசித்திருக்க முடியாது. "சந்தோஷமா?" என்றார் தாத்தா. "ஏழு பாட்டனுக்குள்ள ஒண்ணானா அவ உனக்குத் தங்கச்சிடா. தங்கச்சியையா கட்டிக்குவே?"

அந்த நொடியில் "மறந்துபோச்சு ஐயா, தெரியாமல் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது கதை. நீங்கள் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். உங்கள் கண் அவருடைய தடிக்குப் போனதையும் பார்த்தேன், அந்த ஆட்டின் நினைவு வந்ததையும் பார்த்தேன். ஏழு பாட்டன் தெரியாத அறிவிலியாக இருப்பதைவிட அண்ணனாக இருந்துவிடலாம் என்று முடிவு செய்து வாயை மூடினீர்கள். அத்தை உங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு அடி மேலே ஒரு அடி பின்னால் என்று ஏறிய ஆள், இறங்கும்போது ஒரு தடவைகூட வழுக்காமல் இறங்கினீர்கள்.

அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் கீழே தேநீருக்காகச் சமோவாரில் நெருப்பு ஊதிக்கொண்டிருந்தவள், பெயர் காதில் விழுந்ததுமே கரண்டியோடு மேலே ஓடிவந்தாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, கோஷ்கர்பாய் தன் பிறந்த வீட்டு ஆள் இல்லை, வாக்கப்பட்ட வீட்டு ஆள் என்று. ஆனால் புருஷன் வழிப் பெரியவர்கள் பெயரை எங்கள் வீட்டில் கல்யாணமாகி வந்த பெண் வாயால் சொல்லக் கூடாது, அதுவும் சகிந்திக் தாத்தா முன்னால். கோஷ்கர் என்றால் ஆட்டுக்கடா என்பதால், எங்கள் வீட்டுக் கடாக்களையே அம்மா பதினேழு வருடமாக "கொம்புள்ளது" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆகவே ஓடிவந்து மூச்சு வாங்க, "அந்தக் கொம்புள்ளவரு எங்க பக்கம் இல்லைங்க. அந்தக் கொம்புள்ளவரு உங்க ஆளு" என்றாள். சகிந்திக் தாத்தா தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். "யாருக்கு கொம்பு? எனக்கா?" என்று அவர் தடியை ஊன்ற, அம்மா கரண்டியால் மலையைக் காட்ட, மாடு, கொம்பு, மரியாதை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஆட்களை ஏற்றிவந்த பஸ்ஸைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த அப்பா அதன் அடியிலிருந்து தலையை நீட்டி, "முடிஞ்சுதா? கறி வெந்துருச்சு" என்றார். அன்றைக்கு அர்த்தத்தோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

நான் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பீர்கள். வந்தேன். பாதி வந்தேன். பொய்யர்களை அந்தப் பிளவு கவ்விக்கொள்ளும் என்று இன்னொரு கதை இருக்கிறதே, அதுவோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். கவ்வியது பொய்யை அல்ல, சட்டைப் பையிலிருந்த பவுர்சாக்கை. கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுதான் விடுபட வேண்டியிருந்தது. அவசரத்தில் மெல்ல முடிகிறதா? நான் கடைசிப் பவுர்சாக்கை விழுங்கி வெளியே விழுந்தபோது உங்கள் கார் கராகந்தா சாலையில் புழுதியாகிப்போயிருந்தது.

அன்று சாயங்காலமே சகிந்திக் தாத்தா வீட்டுக்கு நேரே போய்ச் சொன்னேன்.

"தாத்தா, மலை பேசல. நான்தான் பேசினேன்."

"நீயா?"

"நான்தான். பிளவுக்குள்ள இருந்தேன்."

"எங்க, பேசிக் காட்டு."

குரலைக் குடத்துக்குள் இறக்கி, "கோஷ்கர்பாய்" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அதே குரல்" என்றார்.

"அதைத்தானே தாத்தா நானும் சொல்றேன்."

"மலை உன் வாயால பேசுது, கொழந்தே."

"இல்ல தாத்தா. என் வாயால நான் பேசுறேன்."

"உனக்கு அப்படித்தான் தோணும். உள்ள என்ன பாலு ஊத்தியிருக்குன்னு கிண்ணத்துக்குத் தெரியுமா?"

மாமா, என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் எல்லாம் பொய் என்று ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கின்றன. சொன்ன ஒரே உண்மையை ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள். காணாமல் போன பெண்குதிரை எங்கே என்று ஒருவர். தொந்தரவு தாங்காமல், "கிழக்கே, எங்கேயாவது போய்த் தேடுங்க" என்றேன். கிழக்கேதான் நின்றதாம், எங்கேயாவது. மருமகளுக்கு என்ன குழந்தை என்று ஒரு அம்மாள். "பிறந்தா தெரியும்" என்றேன். எவ்வளவு ஆழமான வாக்கு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரைக் கெடுத்துக்கொள்ளலாம் என்று, அஞ்சல்காரம்மாவிடம் உங்கள் கோழி நாளைக்கு இரட்டைக் கரு முட்டை போடும் என்று அளந்துவிட்டேன். போட்டுத் தொலைத்தது. இப்போது நான் விசில் அடிக்கக் கூடாது, கைப்பந்து ஆடக் கூடாது, தலையில் முக்காடு. வகுப்பில் யாராவது கனைத்தால் நான்தான் கனைத்தேன் என்று முன்பெல்லாம் என்னை வெளியே அனுப்புவார்கள். இப்போது நானே கனைத்தாலும் அர்த்தம் தேடுகிறார்கள். பிளவின் வாயில் வேண்டுதல் துணி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குறும்புக்காரி ஒருத்திக்கு இதைவிடக் கொடுமையான தண்டனை உண்டா?

ஆனால் என்னை விடுங்கள். அத்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போடக் கிளம்பிவிடுகிறாள், ஊசியைக் குத்துகிற குத்தில் ஆடுகள் "மெய்" என்று கத்துகின்றன, "ராம்" மட்டும்தான் பாக்கி. நேற்று என்னிடம், "உன் மாமாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே, பாட்டனை எதுக்குடி இழுக்கணும்?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வருகிற புதன்கிழமை இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சகிந்திக் தாத்தாவுக்கு அந்தப் பையன்மேல் கொள்ளை ஆசை. ஏழு அல்ல, பதினொரு பாட்டன் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிப்பானாம். வேறு எதையும் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆகவே இரண்டாவது வேண்டுகோள். மறுக்க முடியாது, தெரியுமல்லவா? புதன்கிழமைக்குள் கிளம்பி வாருங்கள். சகிந்திக் தாத்தா முன்னால் நின்று, "ஏழாவது பேர் எனக்கு மறந்துபோச்சு, பயத்துல கேட்டதைப் பிடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அது மலை வாக்கு. அம்மா சொன்னால் அது கொம்பு. அப்பா சொன்னால் அது கறி. நீங்கள் ஒருவர் சொன்னால்தான் செல்லும். உங்கள் ஏழாவது பாட்டன் பெயர் திலெமிஸ். அது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அதனால் அவள் தாராளமாகச் சொல்லலாம். மாவு பிசையும்போதெல்லாம் சொல்கிறாள், "அந்தக் கழுதைக்கு" என்ற முன்சொல்லோடு. திலெமிஸ். பிடுங்குகிற ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர் திட்டுவார். ஆட்டைப் பற்றி மறுபடி சொல்வார். சொல்லட்டுமே. நீங்கள் உங்கள் நாற்காலியில் படுத்திருப்பவர்களிடம் தினமும் சொல்வீர்களே, கொஞ்சம் வலிக்கும், அப்புறம் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று. அதேதான். சாதாரணச் செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

முடிக்கிறேன். வயதில் சிறியவள் ஆசி சொல்லக் கூடாதுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் மலையின் வாய் நான்தான் என்று முடிவாகிவிட்டதால், அந்தப் பதவியில் இருந்துகொண்டு இரு கைகளையும் ஏந்திச் சொல்கிறேன்: உங்கள் வழி திறந்திருக்கட்டும், சமோவார் காயாமல் கொதிக்கட்டும், நினைவு மட்டும் கொஞ்சம் கூடட்டும், கராகந்தாக்காரர்கள் எல்லோரும் நிறைய மிட்டாய் தின்று உங்களைத் தேடி வரட்டும். கன்னத்தைத் தடவிக்கொள்ளுங்கள், ஆசி ஒட்ட வேண்டுமே.

அடிக்க முடியாத அன்பு மருமகள்,
கம்ஷாத்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அது உங்களுக்குக் கைவந்த கலை.

இதுவரை எழுதி, உறையை ஒட்டிக்கொண்டு கராகந்தா மினிபஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே அத்தை தன் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தாள். "யாருக்குடி கடுதாசி?" என்றாள். கையைப் பின்னால் மறைத்தேன். கன்றுக்குட்டியையே வெளியே இழுப்பவளிடம் ஒரு உறை எம்மாத்திரம்? வண்டிப் படியில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" வந்த இடத்தில் தலையைக் கதவில் முட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஏழாவது பெயர் வந்த வரியை மறுபடி படித்தாள்.

"அவருக்கு ஏழாவது மறந்துபோச்சா?" என்றாள். "எனக்கும்தான்டி வரல அன்னைக்கு. சும்மா வாயை அசைச்சேன். மலை எடுத்துக் குடுத்துச்சு, தப்பிச்சேன்னு நெனச்சேன்."

"அந்த மலையும் நான்தான் அத்தை."

"தெரியுது, போ."

என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனாள். சகிந்திக் தாத்தா தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தார். "அப்பா, எனக்கும் ஏழாவது பாட்டன் பேரு தெரியாது" என்றாள். "அவரும் நானும் ஒண்ணு. இந்த ஊர்ல இருக்குற அத்தனை ஆட்டையும் என்னை நம்பித்தான் விட்டிருக்கீங்க. நாளையிலேர்ந்து விடமாட்டீங்களா?"

தாத்தா ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள் தாத்தாவைப் பார்த்தன. கடைசியில், "அதான் மலை ரெண்டு பேருக்கும் ஒரே பேரைக் குடுத்துச்சா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார், அதை விடுங்கள், அது இனிமேல் தீராது. அப்புறம் மகளிடம் கேட்டார்: "வண்டில பெட்ரோல் இருக்கா?"

எனவே நீங்கள் வர வேண்டாம். மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன கதைகள் நம்மிடம் ஏராளம். மாப்பிள்ளையைத் தூக்க ஆட்டுக்கு ஊசி போடும் வண்டியில் பெண் வருவது இதுதான் முதல். திலெமிஸை மட்டும் மறக்க வேண்டாம். அத்தை கிளம்பத் தயாராகும்போது நான் ஓடிப்போய்த் தட்டைப் பாறையில் நின்று அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை கத்திப் பார்த்தேன். ஏரிக் காற்று இன்று இல்லை. பிளவுக்குள்ளும் யாரும் இல்லை. மலை மூன்று தடவை சொன்னது.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தவள், நீங்கள் படித்து முடிக்கிறவரை பேசாமல் எதிரே நிற்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்றாவது வேண்டுகோள், மாமா: நிமிர்ந்து பாருங்கள். வாயைத் திறங்கள்.